முகர்ந்து கொடுத்த லைட்டர்

சுருட்டுக் கடையில் வேலை பார்ப்பவள் ஒரு சுருட்டைக்கூட வாயில் வைத்ததில்லை என்றால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் குச்சியக்கா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்.

"சவப்பெட்டி செய்றவன் உள்ள படுத்துப் பாத்துட்டா விக்கிறான்?"

ஆள் ஒல்லி. நிமிர்ந்து நின்றால் கதவோரம் சாத்தி வைத்த துடைப்பம் மாதிரி இருப்பாள். லைட்டர் விற்கிற இடத்தில் தீக்குச்சி வந்து நிற்கிறதே என்று பழைய முதலாளி முதல் நாளே கேலி செய்தார். நாளடைவில் தீ உதிர்ந்து குச்சி மட்டும் மிஞ்சியது. அவர் காலமாகி மகன் முதலாளியான பிறகு, வயதுக்கு மரியாதையாக 'அக்கா'வும் சேர்ந்துகொண்டது.

கடை ரயில் பெட்டி போல நீளம். இடது பக்கம் கண்ணாடி அறை. அதற்குள் சுருட்டுப் பெட்டிகள், ஈரப்பதம் குறையாமல். அது முதலாளியின் ராஜ்ஜியம். வலது பக்கம் லைட்டர் கவுண்டர். ஒரு பச்சைத் துணி, கேஸ் குப்பிகள், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வைத்திருப்பது போன்ற குட்டித் திருப்புளி, ஒரு மெல்லிய தூரிகை, காற்றடிக்கிற ரப்பர் உருண்டை. அது குச்சியக்காவின் ராஜ்ஜியம். கடைசியில் புகை உறிஞ்சும் விசிறிக்குக் கீழே நான்கு நாற்காலிகள். வாங்கியவர்கள் உட்கார்ந்து பற்றவைத்துப் பார்க்க.

லைட்டர் வாங்க வருகிறவரின் முகத்தை அவள் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பாள். கட்டைவிரல் மூட்டு வீங்கியிருந்தால் சக்கரம் சுழற்றுகிற லைட்டரை எடுத்துக் காட்டவே மாட்டாள். அகலமான பொத்தானை அமுக்கினால் எரிகிற வகைதான். எங்கே உட்கார்ந்து பிடிப்பீர்கள் என்பது அடுத்த கேள்வி. மொட்டைமாடி, ஆற்றங்கரை என்றால் காற்றுக்கு அசையாத ஊசி போன்ற ஜெட் சுடர். வீட்டுக்குள் என்றால் மெழுகுவத்தி போன்ற மென்சுடர் போதும். தடித்த சுருட்டுக்கு இரட்டை ஜெட். உள்ளே கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிற கண்ணாடி ஜன்னல் இருந்தால் நல்லது. மேலே தங்க முலாம் இருக்கிறதா என்று கேட்டால், "அது எரியாது" என்பாள்.

பெட்ரோல் லைட்டரால் சுருட்டைப் பற்றவைப்பவர்களை மட்டும் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. "பெட்ரோல் பங்க்ல இலை போட்டுச் சாப்பிடுற மாதிரி இருக்கும் சார். அதைச் சிகரெட்டுக்கு வச்சுக்குங்க."

ஆனால் அவள் பேர் வாங்கியது தேர்ந்தெடுத்துக் கொடுப்பதால் அல்ல, கேஸ் நிரப்புவதால்தான். சுடரின் திருகைக் கடைசி வரை குறைப்பாள். லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் இருக்கும் வால்வைத் திருப்புளி முனையால் அமுக்கி, மிச்சக் காற்றும் கேஸும் 'ஸ்ஸ்' என்று சீறி அடங்கும்வரை வெளியேற்றுவாள். காற்று உள்ளே நின்றால் கேஸ் ஏறாது. பாதிப்பேர் வீட்டில் செய்கிற தப்பு அதுதான். பிறகு குப்பியையும் கவிழ்த்து, நெட்டுக்குத்தாக வைத்து ஒரே அமுக்கு. விட்டு விட்டுக் குத்தக் கூடாது. நிரம்பிய லைட்டர் சில்லென்று இருக்கும். அந்தக் குளிர் போகும்வரை பச்சைத் துணியில் படுக்கவைப்பாள். அதுவரை வாடிக்கையாளர் அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். சட்டைப்பை நூலெல்லாம் உள்ளே போய் அடைத்திருக்கிறதே, எப்போதாவது ஊதித் துடைத்ததுண்டா என்று.

கடைசியாக லைட்டரை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு இழுப்பு. "ம்... சுத்தம்." கசிவு இல்லை என்று அர்த்தம். அதன் பிறகுதான் பற்றவைத்துக் காட்டுவாள். அந்த 'சுத்தம்' என்ற சொல்லைக் கேட்காமல் லைட்டரைப் பையில் போடாதவர்கள் இருந்தார்கள். வேறு கடையில் வாங்கியதைக்கூட அவளிடம் கொண்டுவந்து முகரக் கொடுத்தார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போனது. போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காலையில் பல் தேய்த்தால் வாயில் நுரை இருந்தது, மணம் இல்லை. கடைக் கதவைத் திறந்தால் எப்போதும் முகத்தில் மோதுகிற புகையிலை நெடி அன்று மோதவில்லை. கடை மாறி வந்துவிட்டோமோ என்று அண்ணாந்து பெயர்ப் பலகையைப் பார்த்தாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் இருந்தது. முன்பு அந்தக் கடையில் சுருட்டுத் தரம் பார்க்கிற ஒருவர் இருந்தார். மூக்கு மந்தமாகி, பூசணம் பிடித்த ஒரு பெட்டியை நல்லது என்று எடுத்து வைத்துவிட்டார். பழைய முதலாளி அவரைத் திட்டவில்லை. கையைக் குலுக்கி, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குச்சியக்காவுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, வேறு வேலை தெரியாது. அந்தக் கவுண்டரை விட்டால் அவள் இரண்டு அறை வீட்டில் தங்கையின் அக்கா மட்டும்தான். எனக்குக் கடிகாரம் வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

ஆகவே வழக்கம்போல நிரப்பினாள், வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனாள், கண்ணை மூடினாள். "ம்... சுத்தம்." யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாட்டிவிட்டது பெட்ரோல் லைட்டர். சிகரெட் பிடிக்கிற ஒருவர் நிரப்பித் தரச் சொல்லிவிட்டு, வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருப்பதாகச் சொல்லி ஓடினார். அவள் உள்கூட்டை உருவி, அடியில் உள்ள பஞ்சில் பெட்ரோலைச் சொட்டவிட்டாள். எப்போது நிறுத்துவது என்று அவள் கண் பார்த்ததே இல்லை. நெடி ஏறுகிற வேகத்தில் மூக்குதான் 'போதும்' என்று சொல்லும். அன்று மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு ஊற்றி, மூடி, அதற்குள் இன்னொருவர் கூப்பிடவே, லைட்டரை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். வண்டிக்காரர் சாயங்காலம்தான் வந்தார். அதுவரை அது அவள் தொடையோடு ஒட்டிக் கிடந்தது; கடையின் புகையிலை நெடியில் வேறு யாருக்கும் தெரியவில்லை. லேசாக எரிந்தது. கொசு என்று நினைத்தாள்.

தங்கை ஆஸ்பத்திரி வார்டில் உதவியாள். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, புண் வருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வீட்டிலும் அந்தக் கண் சும்மா இருக்காது. குச்சியக்கா உள்ளே நுழைந்ததும் அவள் முதல் காரியமாக அடுப்பை அணைத்தாள்.

"என்னக்கா, பெட்ரோல்ல குளிச்சிட்டு வர்றியா?"

"கொஞ்சம் சிந்திடுச்சு."

"கொஞ்சமா? வாசல்லேயே மூக்கைத் துளைக்குது. பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க எந்திரிச்சு ஓடலையா?"

ஓடியிருந்தார்கள். அவர்கள் இறங்குகிற இடம் வந்துவிட்டது என்று இவள் நினைத்திருந்தாள். இப்போது தொடையைக் கையால் மறைத்தாள். அதுவே தங்கைக்குப் போதும். துணியைக் கழற்றச் சொன்னாள். தொடையில், அளவெடுத்து வரைந்த மாதிரி, லைட்டரின் நீள்சதுரம் சிவப்பாக எழும்பியிருந்தது. தங்கை சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். ஒத்தித் துடைத்தாள். பிறகு, "கண்ணை மூடு" என்றாள்.

"எதுக்கு?"

"மூடுன்னா மூடேன்."

மூக்குக்குக் கீழே எதையோ நீட்டினாள். "என்ன இது?"

குச்சியக்கா யோசித்தாள். "சோப்பு."

அது காபித் தூள். அடுத்தது என்னவென்று கேட்டதற்கு, "எதுவும் வைக்கலையே நீ" என்றாள். அது சோப்பு. மூன்றாவதை நீட்டியதும் சட்டென்று, "வெங்காயம்!" என்றாள், பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி.

"கண்ணு எரிஞ்சுதா?"

"ஆமா."

"அப்ப அது கண்ணு கண்டுபிடிச்சது. மூக்குக்கு மார்க் கிடையாது." தங்கை வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "எவ்வளவு நாளா இப்படி?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"கடையில தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் இன்னும் அங்க இருக்கேன்?"

தங்கை அழவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. அந்தக் குடும்பத்தில் அதெல்லாம் பழக்கம் இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போனாள். வந்தாலும் வரும், வராமலும் போகும், காத்திருங்கள் என்றார் டாக்டர். மீந்ததைச் சாப்பிடும் முன் தன்னிடம் காட்ட வேண்டும், தான் வீட்டில் இல்லாதபோது அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று தங்கை சட்டம் போட்டாள். கடைசியாகக் கடை விஷயத்துக்கு வந்தாள்.

"நீயே சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் வந்து சொல்வேன். சுத்தி கேஸை வச்சுக்கிட்டு, நடுவுல நெருப்பைக் கொளுத்திக் காட்டுற வேலை. மூக்கு இல்லாம அதைச் செய்றது, கண்ணைக் கட்டிக்கிட்டு ஊசி போடுற மாதிரி."

"கசிவைக் கண்டுபிடிக்க வேற வழி இருந்தா?"

தங்கை யோசித்தாள். "எங்க வார்டுல ஆக்சிஜன் சிலிண்டர் மாத்துறப்ப, மூட்டுல சோப்புத் தண்ணி தடவுவாங்க. கசிஞ்சா முட்டை விடும்."

அதைச் சோதித்துப் பார்க்க மறுநாள் ஒரு லைட்டரைக் கொண்டுவந்தாள் குச்சியக்கா. அது கப்பல் அண்ணனுடையது. கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். நிரப்பின கேஸ் நிற்கவில்லை என்பது அவருடைய தீராத புகார். "நீங்க பொத்தானை ரொம்ப நேரம் அமுக்குறீங்க அண்ணே. கப்பல் அடுப்புன்னு நினைப்பு" என்பது குச்சியக்காவின் தீராத பதில். ஒவ்வொரு தடவையும் முகர்ந்து, 'சுத்தம்' சொல்லித்தான் திருப்பிக் கொடுப்பாள்.

சமையலறையில் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். முதலில் தங்கையிடம் நீட்டினாள். "நல்லா இழுத்துப் பாரு. கசியுதா?"

தங்கை இழுத்தாள். "ஒண்ணும் வரல."

"இன்னும் கிட்ட வச்சுப் பாரு."

"என் மூக்குக்குள்ளயே விட்டுட்டேன் அக்கா. லேசா ஏதோ, இருக்கா இல்லையான்னே தெரியல. இரும்பு வாசனையாக்கூட இருக்கும்."

தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அடி வால்வில் தடவினார்கள். சற்று நேரம் எதுவும் இல்லை. பிறகு கடுகளவு ஒரு குமிழி எழுந்தது. மிளகளவு ஆனது. வெடித்தது. அடுத்தது எழுந்தது.

குச்சியக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையின் மூக்கில் குறை இல்லை; அவள் வாசலிலேயே பெட்ரோலைக் கண்டுபிடித்தவள். பழைய முதலாளி காலத்துக் கேஸ் மட்டமானது; குப்பியைத் திறந்தால் அழுகின முட்டைக்கோஸ் மாதிரி நாறும். மகன் பொறுப்புக்கு வந்ததும் நன்றாகச் சுத்திகரித்த கேஸுக்கு மாற்றினான். எரிமுனை அடைக்காது, சுருட்டின் ருசி கெடாது. வாசனையும் கிடையாது. அன்றைக்கே அவள் மூக்குக்கு வேலை போய்விட்டது. நாற்றம் போனது நல்லது என்று மட்டும் நினைத்து, அவள் பாட்டுக்கு முகர்ந்துகொண்டே இருந்திருக்கிறாள். முகர்ந்தவளும் நம்பினாள், பார்த்தவர்களும் நம்பினார்கள். கேஸைப் பொறுத்தவரை காய்ச்சல் கொண்டுபோனது ஏற்கெனவே பயன் இல்லாமல் போன ஒன்றைத்தான்.

"இதுக்காடி நான் இவ்வளவு பயந்தேன்?" என்றாள்.

"சந்தோஷப்படாதே. இது அதைவிட மோசம்" என்றாள் தங்கை.

மோசம்தான். அந்த லைட்டரின் வால்வில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. மாற்றுவது சிறிய வேலை. சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம். கப்பல் அண்ணனுக்குக் கேஸ் நிற்கும், அவளுக்குக் கவுண்டர் நிற்கும். தூக்கம் பிடிக்கும்வரை அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் கடை திறந்ததும், நிரப்பி முடித்து உரியவர்களுக்காகக் காத்திருந்த லைட்டர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றின் அடியிலும் சோப்புத் தண்ணீர் தடவினாள். மூன்று லைட்டர்கள் முட்டை விட்டன. மூன்றுக்கும் அவள் 'சுத்தம்' சொல்லியிருந்தாள். ஒன்றின் சொந்தக்காரர் வண்டியோட்டி. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் லைட்டரைப் போட்டு வைக்கிற ஆள். இந்த மூன்றை நிறுத்திவிடலாம். ஏற்கெனவே கொடுத்து அனுப்பியவற்றை?

முதலாளி உள்ளே வந்தான். "என்னக்கா, காலங்காத்தால லைட்டருக்கெல்லாம் தலை குளிப்பாட்டி விடுறீங்க?"

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் கதவு அதிர்ந்தது. கப்பல் அண்ணன்.

"என்னம்மா, ரெடியா? இல்ல, இன்னைக்கும் என் விரல் மேலதான் பழியா?"

முதலாளி சிரித்தான். குச்சியக்கா சிரிக்கவில்லை. லைட்டரைப் பச்சைத் துணியில் வைத்தாள்.

"கசிவு இருந்திச்சு அண்ணே. நீங்க சொன்னதுதான் சரி. ரப்பர் போயிருக்கு, மாத்தித் தர்றேன்."

கப்பல் அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார். இத்தனை காலமும் சண்டைக்கு வந்தவருக்கு வெற்றி வரும் என்ற எதிர்பார்ப்பே இல்லை. "அப்ப... மோந்து மோந்து பாத்தியேம்மா? சுத்தம் சுத்தம்னியே?"

"அது எதுக்கும் ஆகாத வேலை. இந்தக் கேஸுக்கு வாசனை கிடையாது." பாதி உண்மையோடு தப்பித்துவிடலாம் என்று தோன்றியது. அந்த வழி திறந்துதான் இருந்தது, அவள் அதில் போகவில்லை. முதலாளியின் பக்கம் திரும்பினாள். "அது மட்டும் இல்ல தம்பி. காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த வாசனையும் வர்றதில்ல. சும்மாதான் மூக்குல வச்சுக் காட்டிட்டிருந்தேன்."

முதலாளியின் முகம் மாறியது. "என் கண்ணு முன்னாடியே நடிச்சிருக்கீங்க."

"ஆமா."

"பின்னாடி நாலு பேர் கொளுத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இங்க ஏதாவது சிந்திக் கெடந்தா உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"ஏன் சொல்லல?"

"உங்கப்பா கடிகாரம் குடுத்து அனுப்பினாரே, அவரை ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவனுடைய கோபம் அதனால் குறையவில்லை. கண்ணாடி அறைக்குள் போய், தேவையே இல்லாமல் பெட்டிகளை இடம் மாற்றி வைத்தான். கப்பல் அண்ணன் கவுண்டர் மேல் சாய்ந்து, அவர் அளவில் ரகசியமான குரலில், அதாவது கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "அப்ப என் விரல் மேல தப்பே இல்லைன்னு சொல்லிடும்மா. என் வீட்டுக்காரி கிட்டச் சொல்லணும்."

"விரல் மேல தப்பில்ல."

"அப்படிப் போடு!"

"ஆனா ரொம்ப நேரம் அமுக்கத்தான் செய்றீங்க."

அவர் கூரை அதிரச் சிரித்தார். முதலாளி கண்ணாடிக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தான். வெளியே வந்தபோது அவன் குரல் தணியவில்லை, ஆனால் பேசியது வேலையைப் பற்றி.

"பெட்ரோல் இனிமே உங்க கைக்கு வராது. நான் ஊத்திக்கறேன். கேஸ் நீங்க நிரப்புங்க, ஆனா நிரப்புற இடத்துல நெருப்பு கூடாது. சோப்புத் தண்ணி போட்டு, துடைச்சு, ஆள் கண்ணு முன்னாடியே காட்டணும். அதுக்கப்புறம் நான் பின்னாடி எடுத்துட்டுப் போய்க் கொளுத்திப் பாப்பேன். போன மாசம் நிரப்பிட்டுப் போனவங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லணும்."

"அதை நானே சொல்றேன்."

"நீங்கதான் சொல்லணும்."

சொன்னாள். காலை முழுக்கத் தொலைபேசியும் கையுமாக நின்றாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், "உன்னை நம்பித்தானம்மா தலைமாட்டுல வச்சுத் தூங்கினேன்" என்றார். கொண்டுவந்து கொடுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தாள். முதலாளி பெட்ரோல் டப்பாவை அவள் கவுண்டரிலிருந்து எடுத்துக்கொண்டு போனான்.

மதியத்துக்குப் பிறகு, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். பழைய வாடிக்கையாளர், பெரிய கொள்முதல் செய்கிறவர். லைட்டரை நீட்டினார். குச்சியக்கா காற்றை வெளியேற்றி, நிரப்பி, தூரிகையால் தடவி, அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். நுரை அசையாமல் கிடந்தது.

"இது என்னம்மா புதுசா? மோந்து பாக்கல?"

"இனிமே இதுதான் சார். முகர்றதுல ஒண்ணும் தெரியாது."

"இத்தனை நாளா தெரிஞ்சுதே?"

"தெரியல சார்."

அவர் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு நல்ல லைட்டரைப் போய்ப் பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் நனைப்பதா என்றார். துடைத்ததைக் கொளுத்திப் பார்க்கும்வரைகூடக் காத்திராமல் வாங்கிக்கொண்டு, சுருட்டு எதுவும் வாங்காமல், எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு கடையை நோக்கித் தெருவைக் கடந்தார்.

முதலாளி கதவருகே நின்று அவர் போவதைப் பார்த்தான். அவர் அந்தக் கடைக்குள் நுழைகிறவரை பார்த்தான். குச்சியக்கா ஏப்ரன் முடிச்சில் கை வைத்துக் காத்திருந்தாள். அவிழ்க்கச் சொன்னால் அவிழ்த்துவிடலாம்.

அவன் திரும்பி வந்தான். பச்சைத் துணியில் குளிர் விட்டுக் கிடந்த லைட்டர்களை எண்ணாமல் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, பற்றவைத்துப் பார்க்கக் கடையின் பின்பக்கம் போனான்.